நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு குரல்

ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையில் பதினைந்து, இருபது விநாடிகள் எஞ்சும். அந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே வானொலி நிலையங்களும் பின்னர் தொலைக்காட்சி நிலையங்களும் ஆட்களைத் தெரிந்தெடுத்து, குரலைப் பரிசோதித்து, பயிற்சியளித்து, சம்பளமும் கொடுத்து வைத்திருந்தன என்று சொன்னால் இன்றைய இளந்தலைமுறை வியப்படையும். அவர் செய்தியாளர் அல்லர். நடிகரோ பாடகரோ அல்லர். நிகழ்ச்சியைத் தயாரித்தவரும் அல்லர். ஆயினும் நிலையம் என்ற பெரிய கட்டடத்துக்கு நேயர் அறிந்த ஒரே குரல் அவருடையதாகவே இருந்தது. எங்கள் நாட்டில் அவரை அறிவிப்பாளர் என்றோம்.

பத்திரிகைகளில் வானொலி விமர்சனம் எழுதிய எம்மவர்கள் நாடகத்தையும் மெல்லிசையையும் உரைச்சித்திரத்தையும் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினார்கள். அறிவிப்பாளரைப் பற்றி எழுதியவர்கள் வாசகர்களே. யார் எந்தச் சொல்லை எப்படி உச்சரித்தார் என்று கேட்டும், யார் ஏன் சில நாட்களாகக் காணப்படவில்லை என்று கவலைப்பட்டும் தபாலட்டைகள் வந்தவண்ணம் இருந்தன. ஆசிரிய பீடத்தில் அவற்றை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் இலங்கைத் தமிழ் ஒலிபரப்பின் வரலாற்றை எழுதப் புகுபவர், நிகழ்ச்சிகளைவிட நிகழ்ச்சிகளுக்கு நடுவே பேசியவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எனது எண்ணம்.

இந்நாட்டின் ஒலிபரப்பு மிகப் பழையது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வேர்ட் ஹாப்பர் 1920களின் முற்பகுதியில் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஓர் அறையிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பரிசோதனை செய்தார். கைப்பற்றப்பட்ட ஒரு ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிப் பாகங்களைக் கொண்டே அந்த ஒலிபரப்பி அமைக்கப்பட்டது என்பர். 1925 டிசெம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமாயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் தன் படையினருக்காக இங்கு சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி ஒன்றை நிறுவியது. போர் முடிந்த பின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. சிறிய தீவொன்றிலிருந்து ஆசியா முழுவதற்கும் பேசக்கூடிய கருவி, போர் விட்டுச் சென்ற சொத்தாக எமக்குக் கிடைத்தது. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயர் ஏற்பட்டது. மறு ஆண்டில், கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த அவுஸ்திரேலியரான கிளிபர்ட் டொட் என்பவரின் கீழ் வர்த்தக சேவை தொடங்கியது.

இதற்குப் பின் நடந்ததற்குக் கொழும்பைவிட டில்லியே கூடுதலான காரணம். 1952இல் இந்தியாவின் தகவல், ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை மட்டமானவை எனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அவை ஏறக்குறைய இல்லாமற் போயின. பாட்டுக் கேட்க விரும்பிய இந்திய நேயர்கள் ஊசியை நகர்த்தி நகர்த்திக் கொழும்பைக் கண்டுபிடித்தார்கள். தவறை உணர்ந்து இந்திய அரசு 1957 ஒக்ரோபரில் விவித பாரதியை ஆரம்பித்தபோது ஐந்து வருடங்கள் கடந்திருந்தன. ஒரு தலைமுறைக்குக் காது பழகிப்போக ஐந்து வருடங்கள் தாராளமாகப் போதும்.

ஹிந்தியில் இந்த அலையின் உச்சமாக விளங்கிய ‘பினாகா கீத்மாலா’ பம்பாயில் அமீன் சயானியின் குரலில் ஒலிப்பதிவாகி, நாடாவாகக் கொழும்புக்கு வந்து ஒலிபரப்பாயிற்று. தமிழில் நிலைமை வேறு. தமிழ் அறிவிப்பாளர் கொழும்பிலேயே ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருந்தார். அவர் பேசியது பேசிய அக்கணமே நாகப்பட்டினத்திலும் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் கேட்டது. எஸ்.பி. மயில்வாகனன் என்ற பெயர் 1950களின் நடுப்பகுதியில் இருந்து தமிழகத்துத் தேநீர்க் கடைகளில் திரை நட்சத்திரங்களின் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்டதற்கு அடிப்படை இதுவே. அவரது துணைவியார் செந்திமணி மயில்வாகனனும் அறிவிப்பாளராக விளங்கினார். பாட்டு இந்தியாவினுடையது, பாடியவரும் இசையமைத்தவரும் அங்குள்ளவர்கள், விளம்பரம் செய்த நிறுவனங்களிற் பலவும் அங்குள்ளவை. எங்களுடையது அந்தப் பாட்டுக்கு முன்னும் பின்னும் வந்த சில வாக்கியங்கள் மாத்திரமே. அந்தச் சில வாக்கியங்களுக்காகவே இலங்கை வானொலியைக் கேட்டதாகச் சொல்லும் தமிழக முதியவர்கள் பலரை நான் சந்தித்திருக்கிறேன்.

அப்படி என்ன இருந்தது அந்த வாக்கியங்களில்? குரல் இனிமை என்பது பாதி விடைதான். மீதி, அந்தத் தமிழ். இலங்கை வானொலியின் அறிவிப்பாளர் பேசிய தமிழ் எந்த ஊருக்கும் உரியதல்ல. யாழ்ப்பாணத்தவர் பேசினாலும் அது யாழ்ப்பாணப் பேச்சு அல்ல. கொழும்பில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் ஒருவர் பேசினாலும் கொழும்புப் பேச்சு அல்ல. தமிழகத்தைக் கவர வேண்டும் என்பதற்காகச் சென்னை உச்சரிப்பை இரவல் வாங்கவும் இல்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், முஸ்லிம் ஊர்கள், பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ள மாவட்டங்கள் என்று ஐந்தாறு வகைத் தமிழ் பேசுவோர் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவரது பேச்சைத் தெரிந்தால் மற்றவர் அந்நியராகிவிடுவர். ஆகவே கலையகத்துக்குள் ஒரு பொதுத்தமிழ் உருவாக்கப்பட்டது. அது புத்தகத் தமிழ்போல விறைப்பாகவும் இருக்கக்கூடாது, தெருப் பேச்சாகவும் இருக்கக்கூடாது. லகர, ளகர, ழகரங்கள் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது. மாத்தறை, களுத்துறை, குருநாகல், பதுளை எனச் சிங்களப் பகுதி ஊர்களுக்கும் தமிழில் வழங்கும் பெயர்களே வரவேண்டும்.

நிகழ்ச்சிகளின் பெயர்களையே பாருங்கள். பொங்கும் பூம்புனல், ஒலிமஞ்சரி, இசையும் கதையும், இரவின் மடியில், பொதிகைத் தென்றல். கேட்பவரை ‘ரசிகர்’ என்னாமல் ‘நேயர்’ என்றழைத்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. ரசிகர் மேடைக்குக் கீழே நிற்பவர். நேயர் வீட்டுத் திண்ணையில் அருகிருப்பவர்.

நான் இளம் நிருபராக இருந்த காலத்தில் சில தடவைகள் டொரிங்டன் சதுக்கத்திலிருந்த கலையகத்தில் அறிவிப்பாளர் ஒருவரின் வேலைநேரம் முழுவதும் உடனிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. வெளியில் கேட்கும்போது நிதானமாக ஒழுகிய அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்தது ஓயாத கைவேலை. இரண்டு சுழல்மேசைகள். ஒன்றில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்த இசைத்தட்டை வைத்து, ஊசியை முதல் இசை ஒலிக்கும் இடத்தில் நிறுத்தி, கால்சுற்றுப் பின்னால் திருகி வைக்க வேண்டும். எதிரே நிகழ்ச்சி நிரல். பக்கத்தில் விளம்பர வாசகங்கள், நேயர் கடிதங்கள். சுவரில் விநாடி முள்ளோடு பெரிய கடிகாரம். பாட்டு எதிர்பார்த்ததைவிட நாற்பது விநாடிகள் முன்னரே முடிந்துவிட்டால் செய்திக்கான மணி ஒலிக்கும்வரை அந்த நாற்பது விநாடிகளைப் பேசியே கடக்க வேண்டும். அதுவும் வழவழவென்று பேசுவதாகத் தோன்றக்கூடாது. கையில் தாள் இல்லாத அந்த நாற்பது விநாடிகளில்தான் ஒருவரின் தரம் தெரிந்துவிடும் என்று மூத்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தேசிய சேவையில் வேலை சற்று வேறு. ‘தமிழ்ச்சேவை ஒன்று’ எனப்பட்ட அங்கு கச்சேரியும் பேச்சும் கல்வி ஒலிபரப்பும் இருந்தன. சங்கீத வித்துவானின் பெயருக்கு முன்னுள்ள பட்டங்களுள் ஒன்றை விட்டுவிட்டாலும் மறுநாள் கடிதம் வரும். ‘தமிழ்ச்சேவை இரண்டு’ என்ற வர்த்தக சேவையில் பிழைகள் மன்னிக்கப்பட்டன, மந்தம் மன்னிக்கப்படவில்லை.

‘பிறந்தநாள் இன்று பிறந்தநாள்’ நிகழ்ச்சியை மறந்தவர் இருக்கமாட்டார். அப்பா, அம்மா, அம்மம்மா, தாத்தா, மாமாமார், சித்திமார் என நீண்ட பட்டியலை மூச்சு வாங்காமல் வாசித்து, நடுவில் ஒரு பெயரையும் விழுங்காமல், குழந்தையின் பெயரில் வந்து இறங்க வேண்டும். இது எமக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நீண்ட காலம் எண்ணியிருந்தவர்கள் உண்டு. பிரித்தானியாவில் சுயாதீனத் தொலைக்காட்சி வட்டாரம் வட்டாரமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வட்டாரக் கம்பனிக்கும் சொந்தமான அறிவிப்பாளர்கள் இருந்தார்கள். தென்மேற்கு மூலையில் பிளிமத் நகரிலிருந்து 1961இல் ஒளிபரப்பத் தொடங்கிய வெஸ்ட்வேர்ட் தொலைக்காட்சியில் அறிவிப்பாளருக்குத் துணையாக கஸ் ஹனிபன் என்ற முயல் பொம்மை ஒன்று அமர்ந்திருந்தது. பிள்ளைகளின் பிறந்தநாளை அறிவிப்பாளர் வாசிக்க, பிள்ளையின் வயதுக்கேற்ற தடவைகள் முயல் துள்ளும். கம்பனி கைமாறிய பின்னரும் முயல் கைமாறவில்லை. 1992 டிசெம்பர் இறுதியில் அடுத்து வந்த கம்பனியும் உரிமத்தை இழந்தபோதுதான் அது ஓய்வு பெற்றது. அந்த மாவட்டங்களின் மக்கள் அதற்காக வருந்தினார்கள். 2002இல் இங்கிலாந்தின் வட்டாரக் குரல்கள் யாவும் இலண்டன் குரலொன்றில் அடங்கின. ஆக, தம் ஊர்ப் பெயரைச் சரியாக உச்சரிக்கும் ஒருவர் நிலையத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை எங்கும் ஒன்றுதான்.

எமக்கே உரியது என்று நான் துணிந்து சொல்லக்கூடியது மரண அறிவித்தல். தொலைபேசி சில வீடுகளில் மட்டும் இருந்த காலம் அது. பிறப்பிடம், வதிவிடம், அன்னாரின் அன்புக் கணவர் யார், பாசமிகு பிள்ளைகள் யார், மருமக்கள் யார், ஈமக்கிரியை எத்தனை மணிக்கு, எந்த மயானம் என்று அறிவிப்பாளர் வாசிப்பார். வல்வெட்டித்துறையில் காலமானவரின் மகன் ஹற்றனில் ஆசிரியராக இருப்பார். அவருக்குச் செய்தி எட்டியது அந்தக் குரலினால்தான். அன்றிரவே அவர் மெயில் ரயிலைப் பிடிப்பார். பத்திரிகையில் நாங்கள் அச்சிடும் மரண அறிவித்தல் மறுநாள் அவரது ஊருக்குப் போய்ச் சேருமுன் தகனம் முடிந்துவிடும். வானொலியோடு எம்மால் போட்டியிட முடியாத ஒரே துறை அதுதான் என்று எமது விளம்பரப் பகுதி முகாமையாளர் அடிக்கடி குறைப்பட்டுக் கொள்வார். இந்த அறிவித்தலில் குரலைக் குழைக்கக்கூடாது. துக்கத்தை நடிக்கவும் கூடாது. ஓர் ஊழியர் அறிக்கை வாசிப்பதுபோலவும் இருக்கக்கூடாது. அதன் பின் சற்று நேரத்தில் அதே வாயினால் ஒரு காதல் பாட்டை அறிமுகம் செய்ய வேண்டும். இடையில் எவ்வளவு நேரம் மௌனமாக இருப்பது என்பதை எந்தக் கைநூலும் கற்பிக்காது.

1967இல் நிலையம் கூட்டுத்தாபனமாயிற்று. அதையடுத்த பதினைந்து ஆண்டுகளைப் பொற்காலம் என்று பலரும் எழுதிவிட்டார்கள். நாடக நடிகையாக வானொலிக்கு வந்து அறிவிப்பாளரான ராஜேஸ்வரி சண்முகம், சிறுவர் நிகழ்ச்சியில் தொடங்கிய பி.எச். அப்துல் ஹமீத், சற்சொரூபவதி நாதன், சி. நடராஜசிவம், விமல் சொக்கநாதன், கே.எஸ். ராஜா என்று அக்காலப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். இவர்களுள் கே.எஸ். ராஜா தனித்து நிற்பவர். மற்றையோர் நதி என்றால் இவர் அருவி. ‘திரைவிருந்து’ போன்ற நிகழ்ச்சிகளில் திரைப்பட விளம்பரத்தை அவர் சொல்லும் வேகத்தில் ஓர் எழுத்துக்கூடச் சிதறாது. அந்த வேகத்தைப் பின்பற்றியவர்கள் அநேகர். எழுத்துச் சிதறாமையைப் பின்பற்றியவர்கள் சிலரே.

இந்த நிலையில்தான் தொலைக்காட்சி வந்தது. 1979 ஏப்ரல் 13ஆம் திகதி தனியார் முயற்சியாக ஐ.ரி.என். கொழும்பைச் சுற்றிய சிறு வட்டாரத்துக்கு ஒளிபரப்பத் தொடங்கி, இரண்டு மாதங்களுக்குள் அரசின் கைக்கு மாறியது. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி ஆரம்பமாயிற்று. அதன் கலையகங்கள் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கு அருகிலேயே கட்டப்பட்டன. ஒலியிலிருந்து ஒளிக்குப் போவதற்கு ஒரு மதிலைக் கடந்தால் போதும் என்று அக்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வோம். ஒலிபரப்பு, ஒளிபரப்பு என்ற இரு சொற்களையும் தெளிவாக வேறுபடுத்திச் சொல்லத் தெரிந்தவர்கள்தான் அந்த மதிலைக் கடந்தார்கள் என்பதும் உண்மையே.

அவ்வாறு பல வாசல்களைக் கடந்தவர் கமலா தம்பிராஜா. வீரகேசரியில் பத்திரிகையாளராகப் பணியாற்றியவர். வானொலியிலும் அவர் குரல் ஒலித்தது. தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தை நிலைக்களமாகக் கொண்டு எடுத்த ‘பொன்மணி’ திரைப்படத்தில் 1977இல் நடித்தார். பின்னர் ரூபவாஹினியின் தமிழ்ச் செய்திகளில் முகமாகவும் குரலாகவும் நாடறிந்தவரானார். பத்திரிகையில் அவரோடு தொழில் செய்தவர்களுக்கு அவர் செய்தியைப் புரிந்துகொண்டு வாசிக்கிறார் என்பது முதல் நாளே தெரிந்தது. வாக்கியத்தின் பாரம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்பதை எழுதியவரே அறிவார். அவர் எழுதும் வர்க்கத்திலிருந்து வந்தவர்.

தொலைக்காட்சி அறிவிப்பாளரின் வேலை, வெளிப்பார்வைக்கு, வானொலியைவிட எளிது. இசைத்தட்டு இல்லை. ஊசி இல்லை. ஒரு சிறு அறை, அசையாமல் நிறுத்திய கமரா, பின்னணியில் ஒரு திரைச்சீலை அல்லது பூச்சாடி. இன்னும் சற்று நேரத்தில் இன்ன நிகழ்ச்சி என்று சொல்லிப் புன்னகைத்து, படம் மாறும்வரை அந்தப் புன்னகையைக் கலைக்காமல் இருக்க வேண்டும். வானொலியில் நாற்பது விநாடி பேசிக் கடந்தவர்கள் இங்கு நான்கு விநாடி பேசாமற் கடக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதில் தோற்றவர்களுள் நல்ல குரல்வளம் படைத்த சிலரும் அடங்குவர்.

ஆனால் பெரிய மாற்றம் வேறு. வானொலியில் தமிழுக்குத் தனிச் சேவைகள் இருந்தன. விடியற்காலை முதல் இரவுவரை தமிழ் ஒலித்தது. ரூபவாஹினியிலோ ஒரே அலைவரிசையை மூன்று மொழிகள் பகிர்ந்துகொண்டன. தமிழின் பங்கு ஒரு மாலைப்பொழுதின் சிறு துண்டு. அந்தத் துண்டின் தொடக்கத்தில் தோன்றி வணக்கம் சொல்லும் தமிழ்ப் பெண்ணின் முகம், சிங்களம் மட்டுமே தெரிந்த இலட்சக்கணக்கான வீடுகளிலும் தெரிந்தது. தமிழ் வானொலியைச் சிங்கள மக்கள் பெரும்பாலும் கேட்டதில்லை. தமிழ்த் தொலைக்காட்சி அறிவிப்பாளரை, அடுத்த சிங்கள நிகழ்ச்சிக்காகக் காத்திருந்தபடி, அவர்களும் பார்த்தார்கள். தென் தமிழகத்தின் கரையோர மாவட்டங்களில், கூரைகளில் உயரமான அன்ரெனா கட்டி, 1980களில் ரூபவாஹினியைப் பார்த்தவர்களுக்கும் அதுவே முகம். அவர்களது மாவட்டங்களுக்குச் சென்னைத் தூரதர்ஷன் தெளிவாகக் கிட்டாத காலம் அது.

ரூபவாஹினிக்கு ஒன்றரை வயதாகியிருந்தபோது 1983 ஜூலை வந்தது. 25ஆம் திகதி கொழும்பில் ஊரடங்குச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. அதை மும்மொழிகளிலும் அறிவிக்கவேண்டியவர்கள் அறிவிப்பாளர்கள். எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை, எந்தெந்த மாவட்டங்கள் என்று தமிழில் வாசித்தவர்களின் வீடுகள் வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் இருந்தன. பொறளையிலிருந்து தொடங்கிய தீ அத்திசைகளிலும் பரவிக்கொண்டிருந்தது. அன்று கடமையில் இருந்த ஒருவர் பல வருடங்களுக்குப் பின் என்னிடம் மனம்விட்டுப் பேசினார். தன் வீட்டுக்கு என்ன நடந்தது என்று தெரியாத நிலையில், ஒவ்வொரு தடவையும் அதே ஏழெட்டு வாக்கியங்களை அதே குரலில் வாசித்ததாகவும், குரல் நடுங்கினால் கேட்டுக்கொண்டிருக்கும் தமிழர்கள் இன்னும் பயந்துவிடுவார்களே என்பது ஒன்றே நினைவில் நின்றதாகவும் கூறினார். வீடு எரிந்திருந்தது. குடும்பத்தைச் சிங்கள அயலவர் காப்பாற்றியிருந்தார்கள். 28ஆம் திகதி ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். பாதிக்கப்பட்ட தமிழருக்கு அதில் ஓர் அனுதாப வார்த்தையும் இருக்கவில்லை. அதே நிலையத்தின் அறையொன்றில் அமர்ந்து தமிழ் நேயருக்கு வணக்கம் சொல்ல வேண்டியவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

அந்த ஆடிக்குப் பிறகு கொழும்பில் பல தமிழ்ப் பெண்கள் பொட்டை அழித்துவிட்டே தெருவில் இறங்கினார்கள். தொலைக்காட்சியிலோ சேலையும் பொட்டும் தமிழ் அறிவிப்பாளரின் அடையாளமாக நீடித்தன. கலையகத்தின் ஒப்பனை அறையில் வைத்த பொட்டை, பஸ் தரிப்பிடத்துக்கு வருமுன் கைக்குட்டையால் துடைத்துவிடுவேன் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதை நான் அப்போது எழுதவில்லை. எழுதியிருந்தால் அவருக்கு ஆபத்து. இப்போது அவர் கடல் கடந்து வாழ்கிறார்.

கடல் கடந்தவர்களின் பட்டியல் நீளமானது. கமலா தம்பிராஜா கனடா சென்று 2018இல் அங்கேயே காலமானார். விமல் சொக்கநாதன் இலண்டன் சென்று பி.பி.ஸி. தமிழோசையில் ஒலித்தார். கே.எஸ். ராஜா கொழும்பில் கொலை செய்யப்பட்டார். கோடிக்கணக்கானோருக்குக் குரலால் தெரிந்த ஒருவரின் மரணத்துக்கு, அவரே வாசித்திருக்கக்கூடிய அந்தச் சம்பிரதாயமான மரண அறிவித்தல் அளவுக்குக்கூடக் கவனம் கிடைக்கவில்லை. பத்திரிகைகளில் நாங்கள் எழுதியவையும் அடக்கி எழுதியவைதாம். காலம் அத்தகையது.

வடக்கில் தொலைக்காட்சி அறிவிப்பாளர் என்ற தொழிலின் கதை இன்னும் சுருக்கமானது. ரூபவாஹினியை அங்கு கொண்டு சென்ற கொக்காவில் மறுஒளிபரப்பு நிலையம் 1990 ஜூலையில் நடந்த சண்டையில் அழிந்தது. அந்த வருடமே யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் நின்றது. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட வருடங்கள் அவை. ஒருவர் சுற்ற, நாலு வீட்டுக்காரர் சுற்றிவர இருந்து தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையும் கேட்டார்கள். சுற்றுபவரின் கை தளர்ந்தால் குரல் தேயும். திரையில் முகங்களைப் பார்த்துப் பழகிய ஊர், மீண்டும் குரலை மட்டும் நம்பி வாழ்ந்தது. கொக்காவிலில் 174 மீற்றர் உயரக் கோபுரம் 2011 ஜூனில் மீண்டும் எழுந்தபோது, நிகழ்ச்சிகளுக்கு நடுவே தோன்றி வணக்கம் சொல்லும் வழக்கமே தொலைக்காட்சியில் பெரும்பாலும் ஒழிந்திருந்தது. அந்த விநாடிகளை விளம்பரமும் முன்னோட்டக் காட்சிகளும் எடுத்துக்கொண்டன.

வானொலியில் 1998இல் சூரியனும் சக்தியும் பண்பலையில் வந்தன. புதிய அறிவிப்பாளர்கள் நேயரோடு நேருக்குநேர் கதைத்தார்கள், சிரித்தார்கள், தொலைபேசியில் வம்பளந்தார்கள். பழைய நேயர்கள் முகம் சுளித்தார்கள். நான் முற்றாக அவர்கள் பக்கம் நிற்கமாட்டேன். யாழ்ப்பாணப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் வானொலியில் வெட்கமின்றி ஒலித்தது நல்ல காரியமே. ஆனால் மௌனத்துக்கு அஞ்சும் வழக்கமும் அப்போதுதான் வந்தது. பாட்டின் கடைசி இசை அடங்குமுன் பேசத் தொடங்குவதை மயில்வாகனன் காலத்தில் ஒரு பிழையாகக் கருதியிருப்பார்கள். அந்தப் பழைய பயிற்சியின் பெறுமதியைச் சந்தையில் விலைப்படுத்திக் காட்டியவர் அப்துல் ஹமீத் ஒருவரே. இலங்கை வானொலியில் வளர்த்த ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியைச் சன் தொலைக்காட்சிக்குக் கொண்டுசென்று, எவ்வூரும் அல்லாத அந்தப் பொதுத்தமிழைத் தமிழகத்து வரவேற்பறைகளில் மீண்டும் உட்கார வைத்தார். ராஜேஸ்வரி சண்முகம் 2012இல் மறைந்தபோது இரங்கல் தெரிவித்தவர்களில் ஒரு பகுதியினர் இலங்கையைக் கண்ணாலும் கண்டிராத தமிழக நேயர்கள்.

அறிவிப்பு என்பது நேரலை. நாடகத்தையும் கச்சேரியையும் ஒலிநாடாவில் பதிந்து வைப்பார்கள், அவற்றுக்கு நடுவே பேசியதைப் பதிவதில்லை. ஆகவே பெரும்பாலான அறிவிப்புகள் காற்றோடு போய்விட்டன. எஞ்சியிருப்பவை நேயர்களின் கசெற்றுகளில் கிடைப்பவை. தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் சில பழைய கசெற்றுகளைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அவற்றில் இருப்பவை அநேகமாகப் பாட்டுகள், இன்று எங்கும் கிடைக்கும் பாட்டுகள். நாடாவைச் சிக்கனப்படுத்துவதற்காக, அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் பொத்தானை அமுக்கிப் பதிவை நிறுத்தியிருக்கிறார்கள். சில இடங்களில் விரல் சற்றுத் தாமதித்திருக்கிறது. அங்கு பாட்டின் இறுதி இசை அடங்கி, ஒரு சிறு அமைதி, பின் ஒரு பெண் குரலில் நேரம் சொல்வதன் முதற்சொல் மட்டும் கேட்கிறது.